மூவர்ணக் குட்டியும் பால்மா டின்னும்

பல்லேகல மைதானத்துப் பக்கம், மழையில் ஊறிய ஒரு மட்டைப்பெட்டி. உள்ளே மூன்று பூனைக்குட்டிகள். ஒன்றின் கண் பீளையில் ஒட்டிப்போயிருந்தது. மகள் சுடுதண்ணீரை ஆறவைத்து, பஞ்சில் நனைத்து, கால்மணி நேரம் அந்த இமையையே துடைத்தாள். கண் திறந்தபோது அவள் மூச்சு விடவில்லை.

பேராதனைப் பல்கலைக்கழகக் கால்நடைப் போதனா வைத்தியசாலைக்கு ஓட்டோவில் கொண்டுபோனோம். கறுப்பு, வெள்ளை, செம்மஞ்சள் கலந்த குட்டியைக் கண்டதுமே "பெட்டைதான்" என்றார் டொக்டர். மூவர்ணப் பூனைகள் அநேகமாக எல்லாமே பெட்டைதானாம். நாலைந்து மாதத்திலேயே சினைப்படும், ஒன்பது கிழமையில் ஈனும். கருத்தடை செய்யாவிட்டால் இன்னொரு பெட்டி, இன்னொரு மழை.

"மற்றப் பூனைகளுக்கு யாரம்மா காசு குடுப்பாங்க?" என்றாள் மகள்.

இரவெல்லாம் அந்தக் கேள்வி என்னை உறங்கவிடவில்லை. காலையில் எழுந்து பார்த்தால், பிள்ளை மட்டையில் பூனை முகம் வரைந்து, ஈர்க்கில் மீசை ஒட்டிக்கொண்டிருக்கிறாள். புத்தகத்துக்குள் வைக்கும் அட்டை, ஒன்று 50 ரூபா. பால்மா டின்தான் உண்டியல். நேற்று எண்ணினோம்: 6,350 ரூபா. அத்தனையும் தெருப் பூனைகளின் கருத்தடைக்கு.

குட்டிகளை இப்படி மழையில் விட்டுப்போனவர்களை என்ன செய்வது? நம் நாட்டு மிருகவதைச் சட்டம் 1907இல் வந்தது. அதில் வதைக்கு விதித்த அபராதம் 100 ரூபா வரைதான். மகளின் இரண்டு அட்டை விலை! வயிறு எரிகிறது.

ஒன்று மட்டும் கேட்கிறேன்: காய்ச்சல் என்று பூனைக்குப் பனடோல் கொடுத்துவிடாதீர்கள், ஒரு வில்லையே உயிரைக் குடித்துவிடும்.

பன்னிரண்டு அட்டை மிச்சமிருக்கிறது. வேண்டியவர்கள் உள்பெட்டிக்கு வாருங்கள்.