கீழ்நோக்கி முளைக்கும் மரம்

மரவள்ளிக்குக் குச்சி, சர்க்கரைவள்ளிக்குக் கொடி, சேனைக்கு வெட்டிய துண்டு. கடலூர் மாவட்டத்தில் கொல்லையில் கிழங்கு போடுகிறவர்கள் விதையைத் தேடி அலைவதில்லை. பனங்கிழங்குக்கு மட்டும் விதையை விட்டால் வேறு வழியே இல்லை. பனையில் பக்கக்கன்று வெடிக்காது, கிளையை ஒடித்து நடவும் முடியாது.

பொங்கல் நேரத்தில் கட்டுக்கட்டாகச் சந்தைக்கு வரும் இந்தக் கிழங்கு எதிலிருந்து உருவாகிறது? வேரா, தண்டா? அதைப் பார்க்கத்தான் சிதம்பரத்திலிருந்து கிள்ளைக்குப் போகும் சாலையோரக் கொல்லை ஒன்றுக்குப் போனேன். அங்கே யாரும் கொட்டை ஊன்றவில்லை. ஆவணி, புரட்டாசியில் விழுந்த பழங்களை மாடுகள் சப்பிப் போட, கொட்டைகள் மணலிலேயே கிடந்து தாமாக முளைத்திருந்தன.

வீட்டுக்கார அம்மா கடப்பாரையால் ஒரு கொட்டையின் பக்கத்தில் குத்தி மண்ணை நெகிழ்த்தினார். கொட்டை மேலேயே கிடக்க, அதன் கண்ணிலிருந்து வெளிறிய குழாய் ஒன்று நேராகக் கீழே இறங்கியிருந்தது. முழ ஆழம் தோண்டிய பிறகுதான் நுனி தென்பட்டது.

பனையின் விசித்திரம் அந்தக் குழாயில் இருக்கிறது. மற்ற விதைகள் முளையை வெளிச்சத்துக்கு அனுப்பும். பனையோ தன் கருவைக் குழாயின் நுனியில் வைத்து மண்ணின் ஆழத்துக்கு இறக்கிவிடுகிறது. வேரும் குருத்தும் அங்கிருந்துதான் புறப்படுகின்றன. மேலே காட்டுத்தீ பரவினாலும், மாடு மேய்ந்தாலும், மழை பொய்த்தாலும் குருத்து பத்திரமாக இருக்கும். கொட்டைக்குள் இருக்கும் கெட்டியான பருப்பைக் கரைத்து உறிஞ்சி, வெள்ளைப் பஞ்சு போல வளர்வது தவுண். அந்தச் சத்து குழாய் வழியே இறங்கி, குருத்தைச் சுற்றியுள்ள இலையுறையில் மாவாகச் சேர்கிறது. நாம் அவித்து உரித்துத் தின்பது அந்தத் தடித்த உறையைத்தான். வேர் அதற்கும் கீழே இருக்கிறது. பச்சை இலை விரிந்துவிட்டால் மாவு செலவாகி நார் ஏறிவிடும். அதனால்தான் மார்கழி, தையிலேயே அவசரமாகத் தோண்டுகிறார்கள்.

கொஞ்ச தூரத்தில் உள்ள பிச்சாவரத்தில் நடப்பது இதற்கு நேர் எதிர். சுரபுன்னையின் விதை தாய்மரத்திலேயே முளைத்து, நீண்ட முளையாகத் தொங்கி, சேற்றில் விழுகிறது. ஒரே கடற்கரையில், தண்ணீர் மிகுந்த இடத்துக்கு ஒரு வழி, தண்ணீர் இல்லாத மணலுக்கு வேறொரு வழி!

இறுகிய தரையில் தானாக முளைக்கும் கிழங்கு குட்டையாகவும் கோணலாகவும் வரும். அதனால்தான் விற்பனைக்குப் போடுகிறவர்கள் பொலபொலப்பான மணலை மேடாகக் குவித்து, அதன்மேல் கொட்டைகளை நெருக்கி அடுக்குகிறார்கள். குழாய் மேட்டுக்குள்ளேயே நின்றுவிடும். மண்ணைச் சரித்தால் கிழங்கு முறியாமல் கைக்கு வரும். யாழ்ப்பாணத்தில் இதைப் பச்சையாகப் பிளந்து காயவைத்து ஒடியல் ஆக்குகிறார்கள், அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். ஒடியல் மாவில் மீனும் நண்டும் சேர்த்துக் காய்ச்சும் கூழ் அந்த மண்ணின் விருந்து. கானாவிலும் பெனினிலும் ஆப்பிரிக்கப் பனையின் முளையை இப்படியே பாத்தி கட்டி எடுத்து விற்கிறார்கள். கடல் கடந்து இருக்கும் இரண்டு பனைகளிடமும் மனிதர்கள் ஒரே உணவைக் கண்டுகொண்டது எனக்குப் பெரிய வியப்பு.

ஆனால் ஒவ்வொரு கிழங்கும் மரமாகியிருக்க வேண்டிய ஒரு கன்று. கிள்ளைச் சாலை அம்மாவுக்கு அது நன்றாகத் தெரியும். “வேலியோரம் மொளச்சத மட்டும் தொடமாட்டேன் தம்பி, அது மரமாவட்டும்” என்றார். பனங்கன்றைப் பெயர்த்து வேறிடத்தில் நடுவது கடினம். ஆழத்தில் வேர் அறுந்துவிடும். எனவே கொட்டை கிடக்கும் இடமே பெரும்பாலும் மரம் நிற்கும் இடம். 2021-இல் தமிழக அரசு முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையில் பனை வளர்க்கத் திட்டம் அறிவித்தபோது 76 லட்சம் விதைகளும் ஒரு லட்சம் கன்றுகளும் தருவதாகச் சொன்னதற்கு இந்த இயல்பும் ஒரு காரணமாக இருக்கலாம்.

வேலியோரக் கன்றுகளில் எது ஆண், எது பெண் என்று பாளை வரும்வரை யாராலும் சொல்ல முடியாது. அதற்கு 12 முதல் 15 ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகும். பதநீர் இரண்டிலும் இறக்கலாம். நுங்கும், அடுத்த தலைமுறைக் கிழங்குக்கான கொட்டையும் பெண்பனையில் மட்டும்தான்.