கருமாதிப் பணம்

அத்தையின் மார்பில் கட்டி தோன்றி ஓராண்டு ஆகியும் வீட்டார் எவரும் அறியவில்லை. அறிந்தவர் இருவரே: ஒருவர் அத்தை, மற்றவர் மந்திரித்துக் கயிறு கட்டியவர். "வலியில்லை, ஆகவே நோயில்லை" என்றாராம் அவர். நாணம் வாயை அடைத்தது. நம்பிக்கை கண்ணைக் கட்டியது. மருத்துவமனைக்கு நாம் அழைத்துச் சென்றபோது நோய் எலும்பு வரை பரவியிருந்தது. பட்டம் பெற்ற நாம் சுடுகாட்டில் சொல்லிழந்து நின்றோம்.

கருமாதி செய்யோம் என்றோம்; அதற்கென ஒதுக்கிய பணத்தை மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு அனுப்பப் போவதாகச் சொன்னோம். உறவினர் சினந்தனர். பள்ளியில் மூத்த ஆசிரியர் ஒருவரோ, "தம்பி, நோயாளிக்குக் கொடு, நியாயம். ஆராய்ச்சியை மேல்நாட்டான் செய்து தருவானே!" என்றார்.

செய்வான், தோழர்களே! தன் நாட்டுக்கு வேண்டியதைச் செய்வான். மார்பகத்தைக் கதிர்ப்படம் எடுக்கும் விலையுயர்ந்த எந்திரம் அவனிடம் உண்டு. அது எட்டாத குடிசைக்கு வழி என்ன?

இந்தக் கேள்வியை மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை 1998ஆம் ஆண்டில் எழுப்பியது. ஆய்வில் சேர்ந்த பெண்கள் 1,51,538 பேர். அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேரைப் பயிற்சி பெற்ற பெண் ஊழியர்கள் ஈராண்டுக்கு ஒருமுறை கையால் சோதித்தனர். 2021ஆம் ஆண்டில் விடை வெளிவந்தது: 50 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடையே இந்நோயால் நேரும் சாவு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தது. இளையோரிடம் குறையவில்லை, அதையும் மறைக்காமல் சொன்னார்கள். கயிறு கட்டியவர் என்றேனும் தம் தோல்வியைக் கணக்கிட்டதுண்டா?

இன்னொன்று கேளுங்கள். மரத்துப்போகச் செய்யும் லிடோகெயின் மலிவான பழைய மருந்து. அறுவைக்குச் சற்று முன் கட்டியைச் சுற்றி அதை ஊசியால் செலுத்திப் பார்த்தனர், இந்தியாவின் 11 மருத்துவமனைகளில். ஐந்தாண்டு கடந்து வாழ்ந்தோர் 86.4 விழுக்காட்டிலிருந்து 90.1 ஆக உயர்ந்தனர் என்று 2023ஆம் ஆண்டில் அறிவித்தனர். இலாபம் தராத மருந்தை எந்த முதலாளி ஆராய்வான்? மக்கள் பணம்தான் ஆராய வேண்டும்!

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923ஆம் ஆண்டில் புற்றுநோய்க்குப் பலியானார். அழுததோடு அக்கை நிற்கவில்லை, ஊராரிடம் கையேந்தினார். 1954ஆம் ஆண்டில் சென்னை அடையாற்றில் 12 படுக்கைகளோடு எழுந்தது புற்றுநோய் நிலையம்.

நாம் அனுப்பியது சிறு தொகை. காக்கைக்குப் படைத்திருந்தால் அது ஒரு நாள் சோறு. ஆய்வுக்கு அளித்ததால், வேறொரு அத்தை பிழைக்க அதுவும் உதவக்கூடும். உங்கள் வீட்டுக் கருமாதிப் பணம் எங்கே போகப் போகிறது?