மாண்டோவி ஆற்றில் சீட்டு மேசைகள்

கோவாவுக்கு யாத்திரை செல்லும் நம்மவர், மங்கேசர் ஆலயத்தில் தரிசனம் முடித்துப் பழைய தேவாலயங்களையும் பார்த்துவிட்டு, மாலையில் பணஜி நகரின் மாண்டோவிக் கரையை அடைவர். நாங்களும் அவ்வாறே சென்றோம். இருட்டியதும் ஆற்றில் விளக்கொளியுடன் நிற்கும் கப்பல்கள் கண்ணைப் பறித்தன. அவை சூதாட்டக் கப்பல்கள். கோவாவின் 1976-ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டம் பின்னர் திருத்தப்பட்டதால் அனுமதி பெற்றவை. 21 வயது நிரம்பாதோர் ஏறலாகாது. படகுத் துறையில் வரிசையாக நின்ற இளைஞர் சிலர் தமிழில் பேசிக்கொண்டிருந்தனர். போனஸ் வந்த மாதம் போலும்! பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடுக்க 2025-இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் இம்மேசைகளைத் தொடவில்லை.

அங்கு ஆடப்படும் போக்கர் எத்தகையது என்றறிய ஆவல் கொண்டோம். கப்பலேறாமல், கடைவீதியில் வாங்கிய வறுத்த முந்திரியைப் பணயமாக்கி விடுதி அறையிலேயே ஆடினோம்.

ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டுகள் கவிழ்த்துத் தரப்படும். பின்னர் அனைவருக்கும் பொதுவாக முதலில் மூன்று, அப்பால் ஒன்று, இறுதியில் ஒன்று என ஐந்து சீட்டுகள் மேசையில் திறக்கப்படும். அக்கடைசிச் சீட்டுக்கு ‘ரிவர்’, அதாவது ஆறு என்றே பெயர். அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றில் ஓடிய நீராவிக் கப்பல்களில் 19-ஆம் நூற்றாண்டில் பரவிய ஆட்டமல்லவா! ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் கட்டலாம், உயர்த்தலாம், விலகலாம். ஏழில் சிறந்த ஐந்து சீட்டுகளே கணக்கு. ஜோடி எளிது, வரிசை அரிது, ஐந்தும் ஒரே இனமாவது அதனினும் அரிது. 52 சீட்டுகளில் ஐந்தை எடுக்க 25,98,960 வழிகள் உண்டு; ஆஸ், ராஜா, ராணி, ஜாக், பத்து ஐந்தும் ஒரே இனத்தில் அமைவது நான்கே வழிகளில்.

ரம்மி பழகிய நமக்கு ஒன்றுதான் புதிது. வேண்டாத சீட்டை இறக்கிவிட்டு வேறு எடுக்க வழியில்லை. எளிய சீட்டை வைத்துக்கொண்டே பந்தயத்தை உயர்த்தி மற்றவரை விலகச் செய்யலாம். தீபாவளியன்று வடநாட்டு அண்டை வீட்டார் ஆடும் தீன் பத்தியும் இந்த வகையே.

எங்கள் மூத்த பெண் பத்து ஆட்டங்களில் ஏழில் சீட்டைக் கவிழ்த்து விலகினாள். அவள் தம்பியோ எதற்கும் விலகாமல், மிஞ்சிய பணயத்தையும் தின்று தீர்த்தான்.

போக்கர் மேசையில் கப்பல்காரர் நம்மை எதிர்த்து ஆடுவதில்லை. ஆடுவோர் ஒருவர் பணத்தை ஒருவர் வெல்கின்றனர். ஆயினும் சேரும் பணயத்தில் ஒரு பங்கை அவர் எடுத்துக்கொள்வார். நாங்களும் அவர் பேரில் ஆட்டத்துக்கு ஒரு முந்திரியைக் கிண்ணத்தில் இட்டு வந்தோம். உறங்கப் போகுமுன் எண்ணினோம். பெண்ணிடம் இருந்தவை முப்பத்தொன்று, கிண்ணத்தில் நாற்பது. மறுநாள் ரயிலில் அவையே சிற்றுண்டியாயின.