குளிர் போகுமுன் நடும் கிழங்கு

ஜேர்மனியின் பவேரிய மாநிலத்தில், மியூனிக் நகருக்கும் இங்கோல்ஸ்டாட் நகருக்கும் இடையே ஹலர்ட்டாவ் என்றொரு மேடும் பள்ளமுமான நாட்டுப்புறம் இருக்கிறது. மார்ச் மாதக் கடைசியில் அங்கு போகிறவர்கள், யாரோ பெரிய கட்டிடம் ஒன்றைத் தொடங்கி இடைநடுவில் கைவிட்டுப் போனார்கள் என்றே நினைப்பார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஏழு மீற்றர் உயரக் கம்பங்கள். உச்சியில் குறுக்கும் நெடுக்குமாகக் கம்பிகள். கீழே வெறும் மண் வரம்பு. பச்சை என்று சொல்ல ஓர் இலை கிடையாது. ஆனால் உலகிலேயே ஒரே தொடர்ச்சியாக ஹொப் கொடி பயிராகும் மிகப் பெரிய நிலப்பரப்பு இதுதான். சுமார் 17,000 ஹெக்டயர்.

ஹொப் கொடியின் கூம்பு போன்ற பூவே பியருக்குக் கசப்பையும் மணத்தையும் கொடுக்கிறது. குடியால் குடும்பங்கள் படும் பாட்டைக் கண்ட எமது சகோதரிகள் இதைக் கேட்டு முகம் சுளித்தால், அதில் பிழை இல்லை. என்றாலும் அந்தக் கிராமங்களின் சோறும் துணியும் இந்தக் கொடிதான். கடும் குளிர் நாட்டில் அதை எப்போது மண்ணில் வைப்பது என்ற கேள்வியிலேயே அவர்களுடைய ஆண்டு முழுவதும் தங்கியிருக்கிறது.

ஹொப் விதையிலிருந்து பயிரிடப்படுவதில்லை. இஞ்சி, மஞ்சள் போல இதற்கும் மண்ணுக்குள் ஓடும் வேர்த்தண்டுக்கிழங்கு உண்டு. முளை உள்ள துண்டை வெட்டி நட்டால் தாய்க்கொடியைப் போலவே வளரும். இஞ்சிக்கு நாங்கள் மழையைப் பார்க்கிறோம். அவர்கள் பார்ப்பது உறைபனியை. விசித்திரம் என்னவென்றால், அது முடியும்வரை அவர்கள் காத்திருப்பதில்லை.

அந்நாட்டுத் தோட்டக்காரரிடம் 'பனிப் புனிதர்கள்' என்றொரு கணக்கு உண்டு. மே 12 முதல் 15 வரை வரும் பங்கிராஸ், செர்வாஸ், பொனிஃபாஸ், சோஃபி ஆகிய புனிதர்களின் நாட்களே அவை. கடைசி நாளுக்குப் பெயர் 'குளிர்ச் சோஃபி'. தக்காளி, போஞ்சி போன்றவற்றை அவள் போன பிறகே வெளியில் நட வேண்டும் என்பது மூத்தோர் சொல். (மூன்று ஆண்களோடு ஒரு பெண் வர, குளிர் என்ற பட்டம் அவளுக்கு மாத்திரம் ஒட்டிக்கொண்டதைக் கவனித்தீர்களா?)

ஹொப் கிழங்குக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. மண்ணின் உறைவு இளகி, மண்வெட்டி இறங்கத் தொடங்கியதும், மார்ச் கடைசியிலோ ஏப்ரலிலோ அது நிலத்துக்குள் போய்விட வேண்டும். காரணம் எளிது. அப்போது கிழங்கு இன்னும் தூக்கத்தில் இருக்கும். மண்ணுக்குள் இருப்பதை இரவுப் பனி ஒன்றும் செய்யாது. சூடு வரட்டும் என்று வீட்டில் வைத்திருந்தால், ஈரச் சாக்குக்குள்ளேயே முளை நீண்டு, வேர் விடுவதற்கு வேண்டிய சத்தைத் தின்றுவிடும். அவசரப்படக்கூடாத ஒரேயொரு விடயம் ஈரம். ஒரு பிடி மண்ணை எடுத்து அமுக்கினால் களியாக ஒட்டக்கூடாது, உதிர வேண்டும். சேற்றில் வைத்த கிழங்கு அழுகும். முளை மேலே பார்க்க, ஐந்து முதல் பத்து சென்ரிமீற்றர் ஆழத்தில் வைத்து மூடினால் போதும்.

முன்னர் இதற்குத் தனியாக நடுபொருள் தேட வேண்டியதில்லை. ஒரு கொடி இருபது வருடங்களுக்கு மேலும் நிலைத்து நிற்கும். ஒவ்வொரு வசந்தத்திலும் வரம்பு மண்ணை விலக்கி, பழைய அடித்தண்டைக் கத்தரிப்பார்கள். அப்படி வெட்டிய துண்டுகளையே புதிய இடத்தில் நட்டார்கள். இலவசம்தான், ஆனால் துண்டோடு தாயின் நோயும் போய்ச் சேரும். 1920களில் பூஞ்சண நோயொன்று தோட்டங்களை வாட்டியதால் 1926இல் ஹுல் என்ற சிற்றூரில் ஹொப் ஆராய்ச்சி தொடங்கியது. இன்று நோயற்றதெனச் சான்று பெற்ற கன்றுகளை வாங்கி நடுவதே சிறந்ததென்று அறிவுறுத்துகிறார்கள். வெட்டும்போது கிடைக்கும் வெண்தளிர்களை உப்புநீரில் அவித்து, வெண்ணெயோடு உண்பார்கள். சில கிழமைகளே கிடைக்கும், விலையோ நெருப்பு.

முளைத்த தளிர் ஏப்ரல் பனியில் கருகினால்? புதிதாகப் பயிரிடுவோர் கலங்குவது இந்த இடத்தில்தான். கலங்கத் தேவையில்லை. கீழே கிழங்கு உயிரோடு இருக்கிறது, மறுபடி தள்ளும். முதலில் பாய்ந்து வரும் தளிர்கள் உள்ளே பொள்ளலாய் இலகுவில் முறிபவை. பனி விட்டுவைத்தாலும் விவசாயியே அவற்றை அகற்றிவிடுவதுண்டு. பின்னால் வருபவற்றில்தான் அவருடைய கண்.

ஏப்ரல் கடைசியிலிருந்து மே நடுப்பகுதிவரை அங்கே மூச்சுவிட நேரமில்லை. ஒரு ஹெக்டயரில் ஏறக்குறைய 2,000 செடிகள், 4,000 கம்பிகள். ஒவ்வொரு கம்பியிலும் இரண்டு மூன்று தளிர்களைத் தேர்ந்து, கடிகார முள் சுற்றும் திசையில் கையால் சுற்றிவிட வேண்டும். எதிர்ப்புறமாகச் சுற்றினால் கொடி கழன்றுவிடும். அறுவடைக்கு இயந்திரம் வந்து பல காலமாகிவிட்டது. இதற்கு மனித விரல்தான். போலந்திலிருந்தும் ருமேனியாவிலிருந்தும் வரும் பருவகாலத் தொழிலாளர், பெண்களும் ஆண்களுமாக, நாள் முழுவதும் குனிந்து குனிந்து நகர்கிறார்கள். இடுப்பு நோவு என்னவென்று கொழுந்து பறிக்கும் எமது பெண்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

தோட்டத்தில் நிற்பவை எல்லாம் பெண்கொடிகள். ஆண்கொடியின் மகரந்தம் பட்டால் பூவில் விதை கட்டித் தரம் குறையும் என்பதால், வேலியோரம் காட்டுக்கொடியாக முளைக்கும் ஆணைக்கூடப் பிடுங்கிவிடுகிறார்கள்.

மேயில் கம்பியைப் பிடித்த கொடி, நல்ல நாட்களில் ஒரே நாளில் ஒரு சாண்வரை உயர்ந்து, ஜூன் 24இல் வரும் யோவான் திருநாளளவில் உச்சிக்குப் போய்விடும். அதே வசந்தத்தில் நட்ட கிழங்கிடம் அந்த வேகத்தை எதிர்பார்க்க முடியாது. அது முதலாண்டை வேருக்கே செலவழிக்கிறது; ஓகஸ்ட் கடைசியில் பக்கத்து வரிசைகளை அறுத்து ஏற்றும்போது, அதில் கிடைப்பது கொஞ்சப் பூக்கள்தான்.