ஒரு நூல் தண்ணீர்

குளச்சல் கடற்கரையில் வள்ளத்தின் பின்புறம் தொங்கும் அவுட்போர்டு எஞ்சினை முடுக்கியதும் எல்லோர் கண்ணும் ஓரிடத்துக்கே செல்லும். எஞ்சினின் பின்புறத்துச் சிறு துளையிலிருந்து பென்சில் பருமனில் தண்ணீர் பீறிட வேண்டும். இவ்வெஞ்சினுக்குத் தனியே ரேடியேட்டர் கிடையாது, கடல்தான் ரேடியேட்டர். (வள்ளத்தின் உள்ளே அமரும் எஞ்சின் அகம், வெளியே தொங்கும் இது புறம் என்று பகுக்காமல் இருக்க நம் தமிழாசிரியப் புத்தி விடுவதில்லை.)

நீரில் அமிழ்ந்த கீழ்ப்பகுதியில் சல்லடை போன்ற வாய். அதற்கு மேலே இம்பெல்லர் என்னும் ரப்பர்ச் சக்கரம். அது மேலேற்றும் உப்புநீர் சிலிண்டரைச் சுற்றிச் சூட்டை வாங்கிக்கொண்டு வெளியேறுகிறது. அதில் ஒரு கிளையே நாம் காணும் அந்த நூல்.

நூல் அறுந்தால் முதலில் துளைக்குள் மெல்லிய கம்பி விட்டுப் பார்ப்பார்கள். மணலோ உப்போ அடைத்திருக்கும். அடுத்து, கீழே வாயை மூடிய பிளாஸ்டிக் பை. அதன் பிறகே இம்பெல்லர். தண்ணீரின்றி ஓட்டினால் அதன் இதழ்கள் விரைவில் கருகிப் பிய்ந்துவிடும். புதியது மாட்டியும் சூடு தணியாவிடில் பழையதின் இதழ்களை எண்ண வேண்டும். ஒன்று குறைந்தால், அது உள்ளே எங்கோ வழியடைத்துக் கிடக்கிறது.

நூல் அறாமலேயே நோய் இருப்பதுதான் கொடிது. நம்மிடம் இளங்கலைத் தமிழ் பயின்று கடலுக்குத் திரும்பிய மாணவர் ஒருவர், சாளை மிகுந்த ஒரு காலையில் வள்ளத்தை இறக்க மறுத்தார்.

"தண்ணி ஊத்துதே மக்கா, இன்னும் என்ன?" என்றார் அவருடைய மாமா.

"மண்டையைத் தொட்டுப் பாரும் மாமா."

யாரும் தொடவில்லை. அவர் விரல்நுனியால் சிலிண்டர் தலைமேல் நீர் சொட்டினார். அது சுரீரென்று ஆவியாயிற்று. பல எஞ்சின்களில் அந்தக் கிளை தெர்மோஸ்டாட்டுக்கு முன்பே பிரிந்துவிடுகிறது. ஆகவே தெர்மோஸ்டாட்டின் சிறு கதவு மூடியபடி இறுகிப்போனாலும் வெளியே நீர் அழகாகவே பாயும். உள்ளே தலை வெந்துகொண்டிருக்கும். நடுக்கடலில் பிஸ்டன் இறுகினால் துடுப்பும் பிறர் தயவும்தான் துணை.

கழற்றியபோது அதில் உப்பு வெண்மையாய்ப் படிந்திருந்தது. தேநீர்க் கடையில் வெந்நீர் வாங்கி அதில் இட்டார். ஏறத்தாழ 50, 60 பாகை செல்சியஸில் திறக்க வேண்டிய கதவு, நீர் கொதித்தும் அசையவில்லை. அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஓட்டலாம் என்று ஒருவர் யோசனை கூறினார். எஞ்சின் சூடேறாமலே ஓடுவதும் அதற்குக் கேடுதான் என்று இவர் ஒப்பவில்லை.

பிற வள்ளங்கள் சாளையோடு திரும்பின. மாமா மருமகனோடு பேசவில்லை. நாகர்கோவிலிலிருந்து புதியது வர மாலையாயிற்று. பொருத்தியபின் உப்பு போக நல்ல தண்ணீரில் எஞ்சினை ஓட்ட வேண்டும். அதற்கான டிரம்முக்குக் குடம் குடமாய்ச் சுமந்து ஊற்றியவர் மாமாதான். அப்போதும் பேசவில்லை.