நெட் வருது... ஆனா, பிரின்டர் வர்ல!

பொங்கல் விடுமுறை முடிந்த திங்கட்கிழமை. காலை 7 மணிகூட ஆகவில்லை, அப்பாவிடமிருந்து போன். முந்தின நாள் இரவுதான் சிதம்பரத்திலிருந்து கடலூருக்குத் திரும்பியிருந்தேன். பை இன்னும் பிரிக்கப்படாமல் கட்டிலுக்குக் கீழே கிடந்தது.

“பாப்பா, கம்ப்யூட்டர்ல பிரின்டர் தெரியல. புதன்கிழம கடைய மூடுற வரைக்கும் நல்லாத்தான் ஓடுச்சு. இப்ப ‘ஆஃப்லைன்’னு காட்டுது.”

சிதம்பரத்தில் எங்கள் வீட்டின் முன்பக்க அறைதான் அப்பாவின் ஜெராக்ஸ் கடை. பழைய ஜெராக்ஸ் மிஷின் ஒன்று, ஒரு கம்ப்யூட்டர், இரண்டு வருடங்களுக்கு முன் தவணையில் வாங்கிய வயர்லெஸ் பிரின்டர் ஒன்று. அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர்களின் புராஜெக்ட், ஹால் டிக்கெட், ஆதார், மனு என்று எல்லாம் இப்போது வாட்ஸ்அப்பில் வந்து பிரின்ட்டாகப் போகிறவைதான். பிரின்டர் நின்றால் பாதிக் கடை நின்ற மாதிரி.

“நெட் வருதாப்பா?” என்றேன்.

“நெட்டெல்லாம் நல்லா வருது.”

“அப்ப வைஃபைல பிரச்னை இல்ல. பிரின்டர ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க.”

நான் சொன்ன முதல் தப்பு அதுதான். ஆனால் அது தப்பு என்று தெரிய எனக்குச் சாயங்காலம் வரை ஆனது.

அடுத்த நாற்பது நிமிடங்கள் இப்படியே போயின. பிரின்டரை அணைத்துப் போட்டார். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார். அவர் ‘மோடம்’ என்று சொல்லும் ரவுட்டரை என் பேச்சைக் கேட்டு மூன்று முறை அணைத்துப் போட்டார். ஒவ்வொரு முறையும் பிரின்ட் கொடுத்துப் பார்த்தார். தாள் வரவில்லை.

“நேத்து சாயங்காலம் நீ ஏதோ பண்ணிக்கிட்டு இருந்தியே, அதனால இருக்குமா?”

“அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லப்பா. நீங்கதான் எதையோ அமுக்கியிருப்பீங்க.”

அந்தப் பக்கம் கொஞ்சம் அமைதி. பிறகு மெதுவாகச் சொன்னார், “போன வருஷம் நீ எழுதியிருந்தியே, பிரின்டர் வேலை செய்யலன்னா அஞ்சு வழின்னு. அதைத் தொறந்து வெச்சுக்கிட்டுத்தான் காலையில அஞ்சரையிலேருந்து பாக்கறேன். அஞ்சும் பண்ணிட்டேன்.”

டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்ப்பவர்களுக்கு இது புரியும். ஒரு நாளைக்கு நான்கு கட்டுரைகள் போட வேண்டிய நாளில், அரைமணி நேரத்தில் எழுதியது அது. அதில் இரண்டாவது வழி: ‘பிரின்டரும் கம்ப்யூட்டரும் ஒரே நெட்வொர்க்கில் உள்ளனவா எனச் சரிபாருங்கள்.’ அவ்வளவுதான். எங்கே பார்ப்பது, எதை எதோடு ஒப்பிடுவது என்று ஒரு வார்த்தை கிடையாது. அப்பா அதைப் படித்துவிட்டு யூடியூப்பைத் திறந்து பார்த்திருக்கிறார். வீடியோ ஓடியது. ‘நெட்வொர்க் சரி’ என்று டிக் போட்டுவிட்டார். நானும் அதையேதானே கேட்டேன்?

நான் அடுத்த யோசனையைத் தேடிக்கொண்டிருந்தபோது அப்பா சொன்னார், “பாப்பா, பிரின்டர விடு. இங்க கிள்ளையிலேருந்து ஒரு அம்மா வந்து ஒக்காந்திருக்காங்க. வீட்டுமனைப் பட்டா கேட்டு மனு. இன்னிக்குக் கலெக்டர் ஆபீஸ்ல குறைதீர் நாள். புதன்கிழமையே டைப் பண்ணிட்டேன், ‘திங்கக்கிழம காலையில வாங்க, ரெடியா இருக்கும்’னு வாய விட்டுட்டேன். பக்கத்துக் கடையெல்லாம் ஒம்பது மணிக்குத்தான் தொறப்பாங்க. நீ கடலூர்லதான இருக்க? ஒனக்கு அனுப்பறேன். பிரின்ட் எடுத்துக் கொண்டுபோய்க் குடுத்துடு. அவங்கள பஸ் ஏத்தி வுட்டுடறேன்.”

மிஷினைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த எனக்கு இது தோன்றவே இல்லை.

ஒன்பதரை மணிக்குக் கலெக்டர் அலுவலக வாசலில் நின்றேன். திங்கட்கிழமை என்பதால் மாவட்டத்தின் எல்லாப் பக்கத்திலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். கையில் மஞ்சள் பையோடு தேடிக்கொண்டு வந்தார் அந்த அம்மா. மனுவையும் நகல்களையும் கொடுத்தேன். ஒவ்வொரு தாளாகத் தொட்டுப் பார்த்து, எண்ணி, பைக்குள் வைத்துக்கொண்டார்.

“பணத்த ஒங்கப்பா திருப்பிக் குடுத்துட்டாரு. வாணாம்னாலும் கேக்கல” என்றார். பிறகு, “மிஷினு சரியாயிடுச்சாம்மா? பாவம், காலையிலேயே வேத்து விறுவிறுத்துப் போயிட்டாரு. போன்ல யாரோ திட்டிக்கிட்டே இருந்தாங்க.”

திட்டியது நான்தான் என்று அவரிடம் சொல்லவில்லை.

ஷிப்ட் முடிந்ததும் சிதம்பரம் பஸ் ஏறினேன். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், முட்லூர் என்று ஊர்கள் போய்க்கொண்டிருக்க, பிரின்டர் பற்றிய என் கட்டுரையை நானே போனில் படித்தேன். வெள்ளாற்றுப் பாலம் தாண்டும்போது ஒன்று தெளிவாகத் தெரிந்தது: இதை எழுதியவருக்கு இந்த வேலை தெரியாது.

வீட்டுக்குப் போனதும், இந்த முறை எதையும் அணைத்துப் போடவில்லை. ஒவ்வொன்றாகக் கேள்வி கேட்டுப் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

முதல் கேள்வி, பிரின்டர் நன்றாக இருக்கிறதா? பெரும்பாலான வயர்லெஸ் பிரின்டர்கள், கம்ப்யூட்டரின் உதவி இல்லாமலேயே தங்கள் நெட்வொர்க் விவரங்களை ஒரு தாளில் அச்சிட்டுக் கொடுக்கும். எந்தப் பட்டனை அமுக்க வேண்டும் என்பது மாடலுக்கு மாடல் மாறும். பிரின்டரோடு வந்த கையேட்டில் இருக்கும். அமுக்கினேன். தாள் வந்தது. மிஷின் நன்றாகத்தான் இருக்கிறது. எங்கள் வீட்டு வைஃபையின் பெயர் அதில் இருந்தது. கீழே அதன் ஐ.பி. முகவரி: 192.168.1.9.

இரண்டாவது கேள்வி, வேறு யாருக்காவது பிரின்டர் தெரிகிறதா? என் போனில் ஒரு பி.டி.எஃப்-ஐத் திறந்து பிரின்ட் கொடுத்தேன். உடனே பிரின்டரின் பெயர் வந்தது. ஆக, போனுக்குத் தெரிகிறது. கம்ப்யூட்டருக்குத்தான் தெரியவில்லை.

மூன்றாவது கேள்வி, கம்ப்யூட்டர் எந்த வைஃபையில் இருக்கிறது? திரையின் வலது கீழ் மூலையில் உள்ள வைஃபை குறியை அமுக்கினேன். எங்கள் வைஃபையின் பெயர்தான். ஆனால் பெயருக்குப் பின்னால் இன்னொரு சொல்லும் இருந்தது: ‘கெஸ்ட்’.

எனக்கு முகம் சூடாகிவிட்டது.

கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் வைஃபை பாஸ்வேர்டு கேட்கிறார்கள், வீட்டு பாஸ்வேர்டை ஊருக்கே கொடுக்கக் கூடாது என்று, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ரவுட்டரில் விருந்தினர்களுக்காகத் தனியாக ஒரு வைஃபையை உருவாக்கியது நான்தான். அது வேலை செய்கிறதா என்று பார்க்கக் கடைக் கம்ப்யூட்டரை அதில் இணைத்ததும் நான்தான். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று மாற்றாமல் எழுந்து போனதும் நான்தான். அப்பா எதையும் அமுக்கவில்லை. காலையில் அவர் கேட்ட ஒரே கேள்விதான் சரியான கேள்வி.

கெஸ்ட் வைஃபை என்பது, வீட்டுக்கு வந்தவரைத் திண்ணையில் உட்கார வைத்துக் காபி கொடுப்பது மாதிரி. இன்டர்நெட் கிடைக்கும். ஆனால் வீட்டுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க முடியாது. பாதுகாப்புக்காக, வீட்டில் உள்ள மற்ற கருவிகளை அதில் இருப்பவர்களின் கண்ணில் படாமல் ரவுட்டர் மறைத்துவிடும். அதனால்தான் யூடியூப் ஓடியது, பிரின்டர் மட்டும் தெரியவில்லை. நெட் வருவது என்பது ரவுட்டரைத் தாண்டி வெளியே போகிற வழி. பிரின்டர் தெரிவது என்பது வீட்டுக்குள்ளேயே இருக்கிற வழி. ஒன்று திறந்திருந்தால் இன்னொன்றும் திறந்திருக்கும் என்று நினைத்ததுதான் எங்கள் இருவரையும் அலைய வைத்தது.

கம்ப்யூட்டரை வீட்டு வைஃபைக்கு மாற்றினேன். அப்போதும் ‘ஆஃப்லைன்’!

காலையில் நான் சொல்லி ரவுட்டரை மூன்று முறை அணைத்துப் போட்டாரே, அதன் விளைவு இது. வீட்டில் உள்ள ஒவ்வொரு கருவிக்கும் ரவுட்டர் ஒரு எண்ணைக் கொடுக்கிறது. அணைத்துப் போட்டால் அந்த எண் மாறலாம். எங்கள் கம்ப்யூட்டர் இன்னும் பழைய 192.168.1.5-ஐயே தேடிக்கொண்டிருந்தது. பிரின்டரோ 9-க்குக் குடிமாறியிருந்தது. விண்டோஸில் பிரின்டர் பிராப்பர்ட்டீஸுக்குள் போய், ‘போர்ட்ஸ்’ பகுதியில் புது எண்ணைச் சேர்த்தேன்.

சேர்த்த மறு நொடி பிரின்டர் உறுமியது. தாள் வந்தது. இன்னொரு தாள். இன்னொன்று. கிள்ளை அம்மாவின் மனுதான். காலையில் ஒவ்வொரு முறை முயன்றபோதும் கொடுத்த பிரின்ட் எல்லாம் வரிசையில் காத்திருந்திருக்கின்றன. ரத்து செய்வதற்குள் பதினோரு நகல் வந்துவிட்டது.

அப்பா ஒரு நகலை எடுத்துப் பார்த்துவிட்டு, “நல்லாத்தான் விழுது” என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

“நான்தான்ப்பா கம்ப்யூட்டர கெஸ்ட்ல வுட்டுட்டுப் போயிட்டேன்.”

“சரி வுடு. சாப்புட்டியா?”

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்தப் பிரின்டரை கம்ப்யூட்டரோடு நேரடியாக இணைக்கும் யு.எஸ்.பி. கேபிள் ஒன்று, பிரின்டர் வந்த அட்டைப்பெட்டியோடு பரணில் அன்றைக்கும் இருந்தது. அதைச் செருகியிருந்தால் அந்த அம்மாவின் கையில் காலை ஏழு மணிக்கே மனு இருந்திருக்கும். நாற்பது நிமிடம் போனில் பேசிய எனக்கு அது நினைவுக்கு வரவில்லை. உங்கள் வீட்டு கேபிள் எங்கே என்று இப்போதே பார்த்து வைத்துவிடுங்கள்.

அன்று இரவு உட்கார்ந்து, என் கட்டுரையைத் திரும்ப எழுதினேன். இந்த முறை ஒரே ஒரு வாசகருக்காக. நான் எழுதியதை அப்பா படித்துப் பார்த்து, புரியாத இடங்களில் நிறுத்தினார். கடைசியில் கடைச் சுவரில் ஒட்டிய தாள் இது:

1. பிரின்டரின் நெட்வொர்க் தாளை எடுக்க வேண்டும். வந்தால் மிஷின் நன்றாக இருக்கிறது.

2. தாளில் உள்ள வைஃபை பெயரும் கம்ப்யூட்டரில் உள்ள வைஃபை பெயரும் ஒன்றா? எழுத்தெழுத்தாகப் பார்க்க வேண்டும். ‘கெஸ்ட்’ இருந்தால் மாற்ற வேண்டும். நெட் வருவதை வைத்து முடிவு செய்யக் கூடாது.

3. தாளில் உள்ள ஐ.பி. எண்ணை கம்ப்யூட்டரின் பிரவுசரில் அடித்தால் பிரின்டரின் பக்கம் திறக்கிறதா? திறந்தால் வழி சரி.

4. வழி சரியாக இருந்தும் ‘ஆஃப்லைன்’ என்றால், ‘போர்ட்ஸ்’ பகுதியில் உள்ள எண்ணும் தாளில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பார்க்க வேண்டும்.

5. மோடத்தை அணைத்தால், முதலில் மோடம், இரண்டு நிமிடம் கழித்து பிரின்டர், கடைசியில் கம்ப்யூட்டர் என்ற வரிசையில் போட வேண்டும்.

6. வரவில்லை என்று மறுபடி மறுபடி பிரின்ட் கொடுக்கக் கூடாது. அவசரம் என்றால் கேபிள்.

எண் மறுபடி மாறாமல் இருக்க, பிரின்டருக்கு எப்போதும் ஒரே எண்ணைக் கொடுக்கும்படி ரவுட்டரிலும் மாற்றிவைத்தேன். உங்கள் வீட்டில் வேறு காரணங்களும் இருக்கலாம். வீட்டு பிரின்டர்கள் பலவும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டுமே சேரும். ‘5ஜி’ என்று பெயர் வைத்த வைஃபை அவற்றின் கண்ணுக்கே தெரியாது. விண்டோஸில் வீட்டு வைஃபையை ‘பப்ளிக்’ என்று குறித்திருந்தால் அதை ‘பிரைவேட்’ ஆக்க வேண்டும். அலுவலக லேப்டாப் என்றால், வி.பி.என்-ஐ நிறுத்திவிட்டு ஒருமுறை முயன்று பாருங்கள்.

அந்தத் தாளை ஒட்டும்போது, சீர்காழி தாண்டித் தெற்கே இருக்கிற தரங்கம்பாடியின் கதையை அப்பாவிடம் சொன்னேன். 1711-ல் லண்டனிலிருந்து தரங்கம்பாடி மிஷனுக்கு ஒரு அச்சு இயந்திரம் அனுப்பினார்கள். அதை இயக்குவதற்காக உடன் வந்த ஜோனாஸ் ஃபிங்க் என்பவர் வழியிலேயே இறந்துபோனார். இயந்திரம் மட்டும்தான் வந்து சேர்ந்தது. அச்சு வேலை தெரிந்த ஆளை இங்கே தேடிப் பிடித்த பிறகுதான் அது ஓடியது. 1715-ல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது.

“அப்பவும் மிஷின் வந்துடுச்சு, ஆளுதான் வர்லயா?” என்று சிரித்தார் அப்பா.

ஒரு மாதம் கழித்து ஊருக்குப் போயிருந்தேன். அப்பா டீ வாங்கப் போயிருந்த நேரம். சுவரில் அந்தத் தாளைப் பார்த்தேன். ஓரத்தில் பென்சிலால் ஒரு தேதி, பக்கத்தில் ‘கரன்ட் கட். 5-வது, 2-வது பார்த்து சரி செய்தது’ என்று அவருடைய கையெழுத்து. இடையில் ஒருநாள் பிரின்டர் மறுபடி நின்றிருக்கிறது. எனக்கு போன் வரவே இல்லை.

தாளின் அடியில் ஏழாவதாக அவரே ஒரு வரி சேர்த்திருந்தார்:

‘7. பாப்பா வந்துட்டுப் போனா, என்னென்ன மாத்துனான்னு கேட்டு எழுதி வெச்சுக்கணும்.’