கல்வாழைக்குப் பின்னால்

கல்வராயன் மலைக்கு இந்த முறை நான் ஏறியது ஒரு மூங்கில் தட்டிக்காக. கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைக் கடந்து வெள்ளிமலை போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. ஊரை ஒட்டி, மலையாளிப் பழங்குடியினர் வீடு ஒன்றின் பின்புறத்தில் அதைப் பார்த்தேன். குளிக்கும் இடத்தைச் சுற்றி மூங்கிலைப் பிளந்து பின்னிய தட்டி, அதன்மேல் அவரைக்கொடி. உள்ளிருந்து வழியும் தண்ணீர் வாழைக்குப் போகிறது. குழாயும் வாளியும் வெளியே தெரியவில்லை. தட்டியோ, ஒரு கையால் தூக்கி நகர்த்தும் கனம்தான்.

மதியம் இறங்கி, இதே மாதிரி மறைப்புகளைப் பார்க்கக் கள்ளக்குறிச்சியில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் வீட்டுக்குப் போனேன். புது மனைப்பிரிவு. கேட்டைத் திறந்தால் மீட்டர் பெட்டி, போர் குழாய், செப்டிக் டேங்க் சிலாப், ஏ.சி.யின் வெளி யூனிட் என்று வரிசையாக நிற்கும் வழக்கமான அமைப்பு. ஆனால் இங்கே செடிகள்தான் முதலில் கண்ணில் பட்டன.

மீட்டருக்கு முன்னால் கொடி செதுக்கிய மரப் பலகை. கள்ளக்குறிச்சி மரச்சிற்பம் 2021இல் புவிசார் குறியீடு பெற்றது. உள்ளூர்ப் பட்டறை ஒன்றில் சொல்லிச் செய்தது இது. கீல் போட்டிருக்கிறார். "ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா ரீடிங் எடுக்க வர்றவரு திறந்து பார்த்துட்டுப் போயிடுவாரு சார்" என்றார். பெட்டியின்மேல் நேராகக் கொடியை ஏற்றிவிடும் வீடுகளும் உண்டு. எறும்பும் ஈரமும் உள்ளே போகும். அதை என்னால் அழகு என்று ஏற்க முடியாது. எர்த்துக் குழிக்கு மட்டும் ஈரம் நல்லது. ஆனால் அதில் போட்ட உப்பு வேரைக் கருக்கும் என்பதால், செடியைச் சற்றுத் தள்ளியே வைத்திருக்கிறார்.

செப்டிக் டேங்க் அருகில்தான் அதிக நேரம் நின்றேன். சிலாப்பின்மேல் மண் கொட்டிப் புல் போடுவது இப்போது பரவி வருகிறது. கழிவு எடுக்க லாரி வரும் நாளில் மூடி எங்கே என்று கடப்பாரையால் தேட வேண்டியிருக்கும். இவர் மூடியின்மேல் எதுவும் நடவில்லை. சிறிய தொட்டிகளை வைத்திருக்கிறார். நகர்த்தினால் மூடி, மூடியில் இரும்பு வளையம். செப்டிக் டேங்குக்குள் நச்சு வாயு தேங்கும். எக்காரணம் கொண்டும் ஆளை உள்ளே இறக்கக் கூடாது, லாரியின் குழாயை மட்டும்தான் இறக்க வேண்டும். அதற்கு வாய் தடையில்லாமல் இருக்க வேண்டும். சமையலறைத் தண்ணீர் போகும் குழியை மறைப்பது கல்வாழையும் சேம்பும். இரண்டும் அந்த ஈரத்திலேயே செழிக்கின்றன. அரசு, ஆல், வேம்பு பக்கத்தில் கிடையாது. அவற்றின் வேர் குழாய் இணைப்பில் விரிசல் தேடிப் போகும்.

செப்டிக்கின் காற்றுக் குழாயில் சங்குப்பூக் கொடி பாதி உயரம் வரை ஏறியிருக்கிறது. நுனியில் கொசுவலைத் துணி கட்டியிருந்தார். கொடியை அதுவரை விட்டால் வலை கிழிந்தது தெரியாமல் போகும் என்று வாரம் ஒருமுறை கிள்ளிவிடுகிறாராம். இந்த அக்கறை எனக்கு மிகவும் பிடித்தது. ஏ.சி. யூனிட்டுக்கு முன்னால் மட்டும் நெருக்கமான பலகை அடைத்திருந்தார். வெப்பக் காற்று வெளியேற வழியில்லாமல் மோட்டார் திணறும். வெள்ளிமலையில் பார்த்த தட்டியைச் சொன்னேன்: இடைவெளி விட்டுப் பின்னி, ஓரிரு அடி தள்ளி நிறுத்தினால் போதும். உடனே ஒத்துக்கொண்டார்.

பின்மூலையில் ஒரு பெரிய அரளித் தொட்டி நின்றது. அடியில் என்ன என்று கேட்டேன். தண்ணீர் வற்றிக் கைவிட்ட பழைய போராம். மேலே ஒரு தகடு, அதன்மேல் தொட்டி.

இதை மட்டும் இப்படியே விடக் கூடாது என்று அவரிடம் சொன்னேன். 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில், வீட்டை ஒட்டிய நிலத்தில் இருந்த கைவிட்ட போரில் இரண்டு வயதுக் குழந்தை விழுந்து இறந்தது. கைவிட்ட ஆழ்துளைக் கிணற்றை அடியிலிருந்து தரைமட்டம் வரை களிமண், மணல், சரளையால் நிரப்ப வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010லேயே சொல்லிவிட்டது. தகடு துருப்பிடிக்கும், தொட்டியை யாராவது நகர்த்துவார்கள். அந்தத் தெருவில் குழந்தைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

ஆறரை அங்குல போர், 500 அடி ஆழம் என்றார். கணக்குப் போட்டோம்: சுமார் 115 கன அடி, ஒரு யூனிட் மண்ணுக்குக் கொஞ்சம் கூடுதல். அங்கேயே டிராக்டர்காரருக்குப் போன் செய்து, மறுநாள் காலையில் சரளை மண் கொண்டுவரச் சொன்னார்.